ஏவியேஷன் இங்கிலீஷ்ல வெதர் எப்படி சொல்றது?

கடலூர்பையன்:
ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) லெவல் 4 இங்கிலீஷ் டெஸ்டுக்கு படிக்கிறேன், படத்த காட்டி வெதர் சொல்லுன்னா "கிளவுடி"ய தாண்டி வாய்ல எதுவும் வர மாட்டேங்குது, ஐடியா குடுங்கண்ணா

லாஸ்பேட்டை:
தம்பி, வானத்த எட்டு பங்கா பிரிச்சுக்க. 1-2 பங்கு மேகம்னா ஃபியூ, 3-4 ஸ்கேட்டர்ட், 5-7 புரோக்கன், மொத்தமா மூடிட்டா ஓவர்காஸ்ட். மார்கழி காலைல பீச் ரோட்ல லைட்ஹவுஸ் மங்கலா தெரியுதுல்ல, 1000 மீட்டராவது தெரிஞ்சா மிஸ்ட், அதுக்கும் கீழ போச்சுன்னா ஃபாக்.

உப்பளம்:
காத்த விட்டுட்டீங்களே. எங்கேருந்து அடிக்குதோ அந்த திசையோட டிகிரிய ஒவ்வொரு நம்பரா சொல்லணும், "விண்ட் ஜீரோ நைனர் ஜீரோ டிகிரீஸ், ஒன் ஃபைவ் நாட்ஸ்" (ரேடியோல நைன "நைனர்"னு சொல்வாங்க, நாட்ஸ்ங்கிறது காத்தோட வேக அளவு). ஆனா இத மட்டும் ஒப்பிச்சா ஆகாது, ரன்வேல தண்ணி நின்னா பைலட் என்ன யோசிப்பாருன்னு சொந்தமா பேச வைப்பாங்க.

கடலூர்பையன்:
ஐப்பசி மழைல மாடில நின்னே பேசி பழகுறேண்ணா 😄