டென்னஸி தொடரை நெப்ராஸ்கா ரத்து செய்தது சரியா?

சிவப்புச்சட்டை:
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2026, 2027 இரண்டு வருடமும் டென்னஸியோடு ஆட வேண்டிய தொடரை நெப்ராஸ்கா 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது, அதற்காக டென்னஸிக்குப் பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு வேறு. மெமோரியல் ஸ்டேடியத்தில் புதுப்பிப்பு வேலை, இருக்கைகள் குறையும், அதனால் சொந்த மைதானத்தில் கூடுதல் ஆட்டம் தேவை என்றார்கள். பதிலுக்கு அட்டவணையில் ஏறியது பவுலிங் கிரீன், ஓஹையோவின் மயாமி என்ற சின்ன அணிகள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. பெரிய அணிகள் எல்லாம் கான்ஃபரன்ஸுக்கு (தாங்கள் சேர்ந்திருக்கும் அணிக்குழுவுக்கு) வெளியே பலமான எதிரியைக் கண்டு ஒதுங்குவதாகவே படுகிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

கணக்குப்பிள்ளை:
ஒதுங்குவதில் அவர்களுக்கு நஷ்டமே இல்லையே. நெப்ராஸ்காவின் ஊரான லிங்கனில் 1962 முதல் எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்ததாகத்தான் கணக்கு. எதிரே யார் வந்தாலும் கூட்டம் வரும் என்றால் டென்னஸி எதற்கு? அப்புறம் பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் ஒரு கமிட்டி பொறுக்கியெடுக்கும் அணிகள் ஆடும் சாம்பியன் பட்டச் சுற்று. 2024இல் அது 12 அணிகளாக விரிந்த முதல் வருடமே இண்டியானா தன் கான்ஃபரன்ஸுக்கு வெளியே எஃப்ஐயு, வெஸ்டர்ன் இல்லினாய், சார்லட் என்று மூன்று லேசான எதிரிகளோடு ஆடி, 11-1 (11 வெற்றி, 1 தோல்வி) என்று முடித்து உள்ளே போனது. அலபாமா மேடிசன் வரை போய் விஸ்கான்சினை 42-10 என்று அடித்துவிட்டு வந்தும் 9-3 என்பதால் வெளியே நின்றது. கமிட்டி தோல்விகளைத்தான் எண்ணுகிறது என்று எல்லாத் தடகள இயக்குநருக்கும் புரிந்துவிட்டது.

சவுத்பெண்ட்காரன்:
அலபாமாவின் மூன்று தோல்வியும் யாரிடம்? வாண்டர்பில்ட், டென்னஸி, ஓக்லஹோமா. மூன்றும் சொந்த கான்ஃபரன்ஸ். விஸ்கான்சின் ஆட்டத்தால் அவர்கள் எதையும் இழக்கவில்லை. 2025இல் டெக்ஸஸும் கொலம்பஸில் ஓஹையோ ஸ்டேட்டிடம் 14-7 தோற்றதால்தான் வாய்ப்பு போனது என்று புலம்பினார்கள், ஆனால் அதே சீசனில் 4-8 என்று முடித்த ஃப்ளோரிடாவிடமும் தோற்றிருக்கிறார்களே, அதை யார் சொல்வது? எங்கள் நோட்ரடேமைப் பாருங்கள். 2024இல் பதினான்கு லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்த நார்தர்ன் இல்லினாயிடம் சொந்த மண்ணில் 16-14 என்று தோற்றோம். அதற்கு முந்தைய வாரம் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மைதானத்துக்கே போய் ஜெயித்திருந்ததால் கடைசி வரை எங்கள் பெயர் கணக்கில் இருந்தது, இறுதி ஆட்டம் வரை போனோம். பலமான எதிரியை ஜெயித்தால் அது கூடவே வரும்.

சின்னக்காலேஜ்:
ஒரு விஷயம் மறந்துவிடாதீர்கள். சின்ன அணிகளுக்கு இந்தப் பணம் சோறு மாதிரி. ஒரு சனிக்கிழமை போய் அடிவாங்கிவிட்டு வந்தால் மற்ற விளையாட்டுகளின் வருடச் செலவில் கணிசமான பகுதி தேறிவிடும். சில சமயம் அடி திருப்பியும் விழும்: 2022இல் ஜார்ஜியா சதர்ன் லிங்கனுக்கு வந்து 45-42 என்று ஜெயித்தது, மறுநாளே நெப்ராஸ்கா பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் வேலையிழந்தார். அதனால் இந்த ஆட்டங்களை ஒழிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் வருடத்துக்கு ஒன்று போதும், மூன்று வேண்டாம்.

சிவப்புச்சட்டை:
ஒன்று என்றால் எனக்கும் சம்மதம். 2025 நவம்பர் கடைசியில் அலபாமா-ஈஸ்டர்ன் இல்லினாய் 56-0, இதை யார் ரசிக்கிறார்கள்? இந்த மாதிரி ஆட்டத்தில் மூன்றாவது குவாட்டர் தொடங்கும்போதே மாணவர் பகுதியில் வெறும் பெஞ்சுதான் தெரியும். சீசன் டிக்கெட் வாங்குகிறவன் இதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறான்.

கணக்குப்பிள்ளை:
அதற்குத்தான் கட்டாய விதி வேண்டும் என்கிறேன். அலபாமா, டென்னஸி எல்லாம் இருக்கும் எஸ்இசி கான்ஃபரன்ஸ் 2026 முதல் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம், அதற்கு மேல் வெளியே ஒரு பெரிய கான்ஃபரன்ஸ் அணியோடோ நோட்ரடேமோடோ கட்டாயம் ஆடவேண்டும் என்று முடிவெடுத்துவிட்டது. நெப்ராஸ்கா இருக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸ் ஒன்பதை 2016லிருந்தே ஆடுகிறது. வெளி ஆட்டத்துக்கும் எல்லோருக்கும் ஒரே விதி வந்தால் இயக்குநர்கள் தனித்தனியாகப் பயப்படவேண்டிய அவசியம் இருக்காது.

சவுத்பெண்ட்காரன்:
சரி, விதி வரட்டும். 1926இல் தொடங்கிய யுஎஸ்சி - நோட்ரடேம் ஆட்டம் 2026 அட்டவணையில் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவருகிற விதி எதுவானாலும் நான் கையெழுத்துப் போடத் தயார்.