எஞ்சின் வேலை முடிஞ்ச அம்பாசிடர்: முதல் ஆயில் எது ஊத்தறதுங்க?

கேள்வி (காங்கேயம்):
வணக்கங்க. மார்க் 2 அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். கோயமுத்தூர்ல முழு வேலை முடிஞ்சு எஞ்சின் வந்திருக்குது. ரீபோர், பிஸ்டன், ரிங், கிராங்க் கிரைண்டிங், பேரிங் எல்லாம் ஆச்சு. கேம் ஷாஃப்டும் (வால்வைத் தொறக்கவெக்கற தண்டு) டேப்பெட்டும்கூட (அந்தத் தண்டு தள்ளிவிடற துண்டு) புதுசு. இன்னும் ஸ்டார்ட் பண்ணல. கடையில 5டபிள்யூ30 (டபிள்யூக்கு முன்னாடி எண் குளிர்ல ஆயிலோட கனம், பின்னாடி எண் சூட்டுல) முழு சிந்தெடிக், எஸ்பி கிரேடு (ஏபிஐங்கற அமைப்போட தர முத்திரை), இதைவிட உசத்தி இல்லைங்கறாங்க. மேஸ்திரி 20டபிள்யூ50 மினரலே போதுங்கறார். எதை ஊத்தறது?

பதில் (பொள்ளாச்சி):
மேஸ்திரி சொல்றதுதான் சரிங்க. இந்த எஞ்சின்ல டேப்பெட்டோட அடிப்பக்கம் கேம் மேல நேரா உரசி ஓடும், நடுவுல ரோலர் கிடையாது. அங்க ஆயில் படலம் அறுந்தா இரும்பைக் காப்பாத்தறது ஆயில்ல கலந்திருக்கற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம்தான். பட்டறையில ஜிங்க்னு சொல்றது இதைத்தான். பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்கிறதால, எஸ்பி கிரேடு 5டபிள்யூ30, 10டபிள்யூ30 ஆயில்கள்ல அதை 800 பிபிஎம்முக்குள்ள (பத்து லட்சத்துல 800 பங்கு) வெச்சிருக்காங்க. உங்க வண்டியில கன்வெர்ட்டரே இல்லை, அந்தக் குறைப்பால உங்களுக்கு நட்டம் மட்டும்தான்.

20டபிள்யூ50க்கு அந்த வரம்பு இல்லை. அதுக்காக எல்லா 20டபிள்யூ50லயும் ஜிங்க் நிறைய இருக்கும்னு நம்பீராதீங்க. கம்பெனியோட டேட்டா ஷீட்டைக் கேட்டு, 1000 முதல் 1400 பிபிஎம் இருக்கறதா வாங்குங்க. ஈரோடு, கரூர் சித்திரை வெயிலுக்கு 50ங்கற கனம் வேணும். ஊட்டி மார்கழிக் குளிருக்கும் 20டபிள்யூ தாராளமாப் போதும்.

பதில் (திருப்பூர்):
ஜிங்க் பாட்டில் தனியா விக்குதே, அதை ரெண்டு ஊத்தினா எந்த ஆயிலும் சரியாயிருமில்லீங்களா?

பதில் (பொள்ளாச்சி):
வேண்டாமுங்க. அளவு தெரியாம ஊத்தி 2000 பிபிஎம்மைத் தாண்டினா அதுவே இரும்பை அரிக்க ஆரம்பிக்கும்.

பதில் (பீளமேடு):
ஆயிலைவிட முதல் அரைமணி நேரம்தான் முக்கியமுங்க. புது கேம் போறதெல்லாம் பெரும்பாலும் அப்பத்தான்.

கேம் மூக்குலயும் டேப்பெட் அடியிலயும் மாலிப்டினம் பேஸ்ட் தடவியிருக்காங்களான்னு மேஸ்திரிகிட்ட உறுதி பண்ணிக்குங்க. ஃபில்டர் கிண்ணம் வெக்கறப்ப பழைய ரப்பர் வளையம் பள்ளத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்குதான்னு ஊசியில நோண்டிப் பாருங்க. அது மேலயே புதுசை வெச்சா ஸ்டார்ட் பண்ணின உடனே ஆயில் பீச்சியடிக்கும். சம்ப்புக்கு (எஞ்சின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) ஏறக்குறைய 4 லிட்டர் பிடிக்கும், டிப்ஸ்டிக் மேல்கோடுதான் கணக்கு.

ஸ்டார்ட்டரை மட்டும் சுத்திச் சுத்தி பிரஷர் வரவெக்காதீங்க, கேம்ல தடவின பேஸ்ட் வழிச்சிக்கிட்டுப் போயிரும். ஆயில் கேஜ் குழாயைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா அமுக்குற கேன்ல ஆயிலை ஏத்துங்க. அப்பறம் குழாயை மறுபடி மாட்டி, பிளக்கைக் கழட்டிட்டு 10 விநாடி சுத்தினா முள் எந்திரிக்கும். கார்புரேட்டர்ல பெட்ரோல், டைமிங், ரேடியேட்டர் தண்ணி எல்லாம் முன்னாடியே சரி பண்ணி, ஒரே தட்டுல பிடிக்கற மாதிரி வெச்சுக்குங்க.

பிடிச்ச உடனே 2000 ஆர்பிஎம். ஐடிலிங்ல விடவே கூடாது. 1500க்கும் 2500க்கும் நடுவுல ஏத்தி இறக்கி 20 நிமிஷம் ஓடட்டும். கேமுக்கு ஆயில் போறது கிராங்க் சுத்தி அடிக்கற தெறிப்புலதான். வேகம் குறைஞ்சா தெறிப்பும் குறையும். அதோட மெதுவா ஓடறப்பத்தான் ஸ்பிரிங்கோட முழு அழுத்தமும் கேம் மூக்கு மேல விழுகுது. சூடு ஏறினா ஆஃப் பண்ணி ஆறவெச்சு மறுபடி ஓட்டுங்க, ஐடிலுக்கு இறக்காதீங்க.

முடிஞ்சதும் சூடோடவே ஆயிலை இறக்கி, ஃபில்டரையும் மாத்திப்போடுங்க. இறக்கின ஆயில்ல காந்தம் விட்டுப் பாருங்க. சாம்பல் நிறப் பொடி ஒட்டினா பயமில்லை. ஊசி ஊசியா இரும்பு வந்தா கேம் போகுதுன்னு அர்த்தம். காந்தத்துல ஒட்டாத செம்பு மினுக்கு தெரிஞ்சா பேரிங்கைப் பாக்கணும்.

அடுத்த ஆயில் 500 கிலோமீட்டர்ல. அதுவரைக்கும் மினரல்தான். பல்லடம் ரோடு மாதிரி சமதளத்துல மூணாவது கியர்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி ஓட்டுங்க. ரிங் அப்பத்தான் படியும். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவெல்லாம் அதுக்கப்பறம் போலாம்.

கேள்வி (காங்கேயம்):
சொன்னபடியே பண்ணியாச்சுங்க. காந்தத்துல பொடி மட்டும்தான். சூடான பிறகு ஓட்டத்துல 50 பிஎஸ்ஐ, ஐடிலிங்ல 15. ஆனா பெல் ஹவுசிங் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல கிளட்சை மூடற கூடு) அடியில ராத்திரிக்கு ரெண்டு மூணு சொட்டு விழுகுது. சீல் போயிருச்சுங்களா?

பதில் (பீளமேடு):
பிரஷர் நல்லாருக்குதுங்க. பின்பக்கம் போறதுக்கு ரப்பர் சீலே கிடையாது. மூணு பேரிங் எஞ்சின்ல கிராங்க்ல வெட்டின சுருள் பள்ளம்தான் ஆயிலை உள்ள திருப்பித் தள்ளும். நின்னா கொஞ்சம் கசியத்தான் செய்யும். முதல்ல எஞ்சின் உள்காத்து வெளிய போற பிரீதர் குழாய் அடைச்சிருக்குதான்னு பாருங்க, உள்ள காத்து அழுத்தம் ஏறினா கசிவு கூடும். டிப்ஸ்டிக் மேல்கோட்டைத் தாண்டி ஊத்தாதீங்க.

சொட்டு விழுகற ஓட்டையை மட்டும் எதையாவது வெச்சு அடைச்சிராதீங்க. வெளிய போக வழியில்லாம ஆயில் கிளட்ச் பிளேட்டுல ஏறிரும், அப்பறம் கியர்பாக்ஸை இறக்கற வேலை ஆயிரும்.