கோவைப் பக்கம் வியோலா, செல்லோ (வயலினை விடப் பெரிய, கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் வில் வாத்தியங்கள்) வாசிக்கிறவர்கள் யாராவது இருக்கீங்களா?

வணக்கமுங்க. மே மாதக் கடைசியில் பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்பில் சாயங்காலக் கச்சேரி வைக்கிறோம். முதலில் வாய்ப்பாட்டு, அப்புறம் நால்வர் தந்திக்குழு, கடைசியாகச் சர்ச் பாடகர் குழுவோடு சேர்ந்து மொசார்ட் 1791-இல் எழுதிய 'ஆவே வேரும் கோர்புஸ்' என்ற லத்தீன் பக்திப் பாட்டு. மொத்தமே 46 பார் (தாளக் கட்டம்)தான். ஆனால் மெதுவாக நகரும் பாட்டு, சுருதி துளி இறங்கினாலும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

வயலினுக்கு இரண்டு பேர் தயார், ஆர்கனுக்குக் கீபோர்டு இருக்கிறது. வியோலாவும் செல்லோவும்தான் சிக்கல். கர்நாடக வயலின்காரர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் ச-ப-ச-ப என்று தந்தி கூட்டிப் பழகிய கையிடம் திடீரென்று மேற்கத்திய நோட்டேஷனை நீட்டுவது நியாயமில்லை. வியோலா கிடைக்காவிட்டால், வயலினிலேயே ஐந்து சுரம் கீழே இறங்கும் தந்தி மாட்டி ஒப்பேற்றலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.

இன்னொன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது கிளம்பிவிடும். ஒத்திகையில் நோட்டேஷன் தாளுக்குத் துணி கிளிப் மாட்டினோம். தாள் பறக்கவில்லை, பக்கம் திருப்பத்தான் முடியவில்லை. திறந்தவெளியில் வாசித்தவர்கள் என்ன செய்வீங்க?

போக்குவரத்து, சாப்பாடு எங்கள் பொறுப்பு. சன்மானம் சுமார்தான், இளநீர் வேண்டிய மட்டும். ஆள் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்க.