ஸ்லோவாகிப்போன வீட்டுக் கம்ப்யூட்டர்: ஃபார்மட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கோவை ஹார்டுவேர்:
கம்ப்யூட்டர் ஸ்லோ என்றாலே ஃபார்மட் அடித்துக் கொடுக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. பழைய மிஷின்களில் திணறுவது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். அதே டிஸ்கில் விண்டோஸை மறுபடி ஏற்றினால் சில வாரங்களில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

ஆன் செய்து பத்து நிமிடம் எதையும் திறக்காமல் விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1, 2 எம்பியைத் தாண்டவில்லை என்றால் வைரஸைத் தேடி அலைய வேண்டாம். அப்டேட், தேடல் இண்டெக்ஸ், விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் எல்லாம் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கின்றன; நிமிடத்துக்கு 5400 சுற்று (ஆர்பிஎம்) சுழலும் டிஸ்கால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கிளீனர் சாஃப்ட்வேர் எதுவும் இதற்கு மருந்தாகாது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும். படங்களுக்குப் பழைய டிஸ்க் இருக்கிறதென்றால் 256 ஜிபியே தாராளம்.

மாற்றும் முன் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பழைய டிஸ்கைப் பாருங்கள். கெட்டுப்போன இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 வரிகளின் கடைசிப் பத்தியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் டிஸ்கை நம்பாதீர்கள். குறிப்பாக சி5, சி6 ஏறியிருந்தால் டிஃப்ராக், செக்டிஸ்க், முழு ஸ்கேன் எதையும் ஓட்டக் கூடாது. சாகக் கிடக்கிற டிஸ்கை அந்த உழைப்பே முடித்துவிடும். முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். தகவல் போய்வரும் வழியில் நேரும் பிழைகளைக் காட்டும் சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கைவிட சாட்டா கேபிள் மேல்தான் சந்தேகம். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் கூட்டலாம். பழைய லேப்டாப்புக்கு டிடிஆர்3 என்று ரேம் வகையை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டும் ஏற்கிற மாடல்களில் 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரையே வராது.

யாழ்ப்பாணம் டிடிபி:
கோவை அண்ணா சொன்னதோட இதையும் சேருங்கோ. சி டிரைவை அழிக்க முதல் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் எடுங்கோ. அவையும் சி டிரைவிலதான் இருக்கும். டி டிரைவைப் பார்த்து எல்லாம் பத்திரம் எண்டு நினைக்க வேண்டாம். பிறகு விண்டோஸுக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் கோப்புறை. பாமினி, வானவில் எழுத்துருவில தட்டின பழைய கடிதம், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாத்தான் தெரியும். ஃபைல் பழுதாப் போச்செண்டு அழிச்சுப் போடாதேங்கோ. எழுத்துருவைத் திருப்பிப் போட்டால் தமிழ் வந்திடும்.

புது லேப்டாப் எண்டால் டிஸ்கில இருக்கிறதைப் பூட்டி வைக்கிற டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆனாகி இருக்கலாம். டிஸ்கைக் கழட்டவோ, விண்டோஸுக்கு முன்னம் ஓடுற பயோஸ் செட்டிங்ஸில கை வைக்கவோ முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கில இருக்கிற 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வையுங்கோ.

திருச்சி நெட்வொர்க்:
வலது கீழ் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்” என்று எட்டிப் பார்க்கிற பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ அழுத்தியதன் விளைவு. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத தளங்களை நீக்கினாலே நின்றுவிடும். எக்ஸ்டென்ஷன்களில் கூப்பன், பிடிஎஃப் மாற்றி, வீடியோ டவுன்லோடர் என்று இருப்பவற்றைத் தயங்காமல் தூக்குங்கள்.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், எக்ஸ்க்லூஷன்ஸ். ஸ்கேன் தொடாமல் விடும் இடங்களின் பட்டியல் இது. திருட்டு விண்டோஸ் ஆக்டிவேட்டர்கள் தங்கள் ஃபோல்டரை இங்கே சேர்த்துவிடும். சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே. அதன்பின் எத்தனை ஸ்கேன் ஓட்டினாலும் ‘நோ த்ரெட்ஸ்’ என்றுதான் வரும். 2018 முதல் பரவிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஸ்டாப் டிஜேவியூ ரான்சம்வேர் இப்படிப்பட்ட கிராக் ஃபைல்கள் வழியாகத்தான் வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது. நீங்களே சேர்க்காத எக்ஸ்க்லூஷன்களை நீக்கிவிட்டு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். விண்டோஸ் ஏறும் முன்பே ஓடுவதால் ஒளிந்திருப்பவை தப்புவது கடினம். சுமார் 15 நிமிடம் ஆகும்.

இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டவே வேண்டாம். ஒன்றின் வேலையை மற்றொன்று துருவிக்கொண்டிருக்கும்.

மதுரை சர்வீஸ்:
சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி வரும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்று வந்தால் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் காட்டினால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருக்கும்போது தளங்களின் சான்றிதழ் எதுவும் செல்லாது, அப்டேட்டும் தடுமாறும். பவர் கேபிளைக் கழற்றிவிட்டுப் புது பேட்டரி போட்டு, பயோஸில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

ப்ளோயரால் தூசி அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் பேரிங் போய்விடும்.

திருச்சி நெட்வொர்க்:
பாதுகாப்புக்கு இன்னும் சில. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மிஷினில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கும். அதற்கு முந்தைய மிஷினில் குறுக்கு வழியில் 11 ஏற்றுவதைவிட விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடுவது மேல். அதில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு சாஃப்ட்வேரை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

வீட்டில் அனைவரும் புழங்கும் கணக்கை அட்மினாக வைக்காதீர்கள். தனியாக ஓர் அட்மின் கணக்கு உருவாக்கி, அதன் பாஸ்வேர்டைப் பெரியவர் ஒருவர் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ஸ்டாண்டர்டு ஆக்குங்கள். ‘பேங்கிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள்’ என்று யாராவது சொல்லி, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்கவிடும் அந்த ஆப்பைப் போட்டுவிட்டிருந்தால், முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பணம் போயிருந்தால் உடனே இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பாஸ்வேர்டுகளை அந்த மிஷினில் மாற்றாமல் வேறொரு போனில் மாற்றுங்கள்.

பேக்கப் டிஸ்கை நகலெடுத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.