கம்பெனி திவால்: சம்பளப் பாக்கியைக் கேட்டு வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்

நாங்கள் பதினோரு பேர். 4 மாதச் சம்பளம் வரவில்லை. போன வாரம் வாயில் கதவில் கம்பெனி திவால் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பாக்கியைக் கேட்டு எழுத, கலைப்பு அதிகாரி (கம்பெனியின் சொத்தை விற்று, பாக்கிகளைப் பிரித்துக் கொடுப்பவர்) ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். ‘தொகை’ என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

சம்பளம் மட்டும் போடுவதா? எடுக்காத விடுப்பு, நோட்டீஸ் காலச் சம்பளம், பணிநீக்க இழப்பீடு எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டுவதா? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1992ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 173) குறைந்தது 3 மாதச் சம்பளத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. விடுப்புச் சம்பளமும் பணிநீக்க இழப்பீடும் அதில் சேரும். ஆனால் ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். சொத்தை அடமானம் வாங்கிய வங்கி முந்திக்கொண்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

கடைசி 2 மாதச் சம்பளச் சீட்டே தரவில்லை. வங்கிக் கணக்கு விவரமும் வருகைப் பதிவின் போட்டோவும்தான் கையில் இருக்கின்றன. அவை போதுமா? அப்புறம், எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லதா, தனித்தனியாகவா? எங்களில் இரண்டு பேர் வீட்டு வாடகையே கட்ட முடியாமல் இருக்கிறார்கள். இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.