இரத்த அழுத்த மருந்துகள்: மூன்று ‘தடுப்பான்’களுக்கு மூன்று பெயர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

உயர் இரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்டுத் தமிழில் எழுதும்போது எனலாப்ரில், லோசார்டான், அம்லோடிபின் ஆகிய மூன்றையும் ‘தடுப்பான்’ என்றே குறித்துவிடுவதால், எது உடலில் எங்கே வேலை செய்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போகிறது.

எனலாப்ரில், இரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற பொருள் உருவாவதற்குத் தேவையான நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தக்குழாயை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான். ஆகவே நொதி முடங்கியதும் பிராடிகைனின் தேங்கி, சிலருக்கு வறட்டு இருமல் விடாமல் தொல்லை தருகிறது. லோசார்டான் அந்த நொதியைத் தொடுவதில்லை; இரத்தக்குழாய்ச் சுவரின் ஏற்பியில் தான் அமர்ந்துகொண்டு, ஆஞ்சியோடென்சின்-2 அங்கே இணையாதபடி செய்கிறது. இருமல் வந்தவருக்கு மருத்துவர் முன்னதை நிறுத்திப் பின்னதை எழுதித் தருவது இதனால்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் இந்த மாற்றத்தின் காரணம் எப்படி விளங்கும்?

எனலாப்ரில் வகைக்கு முன்பு பரிந்துரைக்கப்பட்ட ‘நொதி ஒடுக்கி’ ஓசையில் நன்று. ஆயினும் பள்ளி வேதியியலில் ஒடுக்கம் என்பது ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினையைக் குறிப்பதால் ‘முடக்கி’ என்பதையே விரும்புகிறேன். அந்த நொதியின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘converting enzyme’ என்பதை ‘மாற்று நொதி’ என்பதும் பதிலாக வரும் வேறொரு நொதி எனப் பொருள்படும். ‘ஆஞ்சியோடென்சின் ஆக்கநொதி முடக்கி’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. லோசார்டான் வகை ‘ஆஞ்சியோடென்சின் ஏற்பி மறிப்பி’ ஆகலாம். பீட்டா ஏற்பிகளில் வேலை செய்யும் அடெனலால் போன்ற இரத்த அழுத்த மருந்துகளும் ‘பீட்டா ஏற்பி மறிப்பி’ என இதே அமைப்பில் அடங்கிவிடும்.

அம்லோடிபினைக் ‘கால்சியம் தடுப்பான்’ என்று எழுதுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. எலும்புக்குச் சேரவேண்டிய கால்சியமும் தடைபடும் என்று அஞ்சி, வயதானவர்கள் மாத்திரையையே நிறுத்திவிட இடமுண்டு. அம்மருந்து மறிப்பது, முக்கியமாக, இரத்தக்குழாய்த் தசைச் செல்லுக்குள் கால்சியம் புகும் வழியைத்தான். ‘கால்சியம் வாயில் மறிப்பி’ என்றால், மருந்தைப் பற்றிய தொடராகையால், வாய்க்குள் என்று படித்துவிடுவார்கள். எனவே ‘கால்சியம் நுழைவழி மறிப்பி’ என்பதை முன்வைக்கிறேன்.

‘சிறுநீர்ப்பெருக்கி’ நிலைபெற்றுவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை.

இச்சொற்களை ஒரு தொடரில் இட்டுப் பார்த்தேன்: ‘இரத்த அழுத்த மருந்துகளை ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில் சிறுநீர்ப்பெருக்கியான குளோர்தாலிடோன், நுழைவழி மறிப்பியான அம்லோடிபின், ஆக்கநொதி முடக்கியான லிசினோப்ரில் ஆகிய மூன்றிலும் மாரடைப்பும் இதயநோய் இறப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன, ஆனால் இதயச் செயலிழப்பு குளோர்தாலிடோன் பெற்றவர்களிடம் மற்ற இரு பிரிவினரைவிடக் குறைவாக இருந்தது.’ மருத்துவம் பயிலாத ஒருவரிடம் இதைப் படிக்கக் கொடுத்து, எங்கே தடுக்கிற்று என்று கேட்டு எழுதுங்கள்.