தணிமருந்து: ‘முன் மயக்க மருந்து’ என்ற சொல் ஏன் வேண்டாம்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்தவை ஐந்து சொற்கள்: முன் மயக்க மருந்து, அமைதியூட்டி, முன்மருந்து, தேற்றுமருந்து, ஆற்றுமருந்து. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, பயந்துபோயிருக்கும் நோயாளிக்குக் கொடுக்கிறோமே, அந்த மருந்துக்குத்தான் இந்தத் தேடல். கோத்தகிரிப் பக்கம் தியேட்டர் செவிலியாக இருபது வருடமாக அதை என் கையால் கொடுத்துவருகிறேன். அந்த உரிமையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதில் ‘மயக்கம்’ வேண்டாம், ‘தூக்கம்’ வேண்டாம்.

ஆறு வயதுப் பையன், குடலிறக்க ஆபரேஷன். எஸ்டேட் லைனிலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். வெறும் வயிறு, குளிர், சுற்றிலும் பச்சை உடுப்புக்காரர்கள். அம்மாவின் சால்வையை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்தவன் விடவேயில்லை. டாக்டர் எடை பார்த்து, கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கில் மிடசோலம் எழுதினார். அது கடுங்கசப்பு, இனிப்பில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். இருபது நிமிடத்தில் சால்வையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. டியூப்லைட்டைப் பார்த்துச் சிரித்தான். பெயர் கேட்டால் குழறலாகச் சொன்னான். மருந்து சரியாக வேலை செய்கிறது என்று எனக்கு நிம்மதி. அவன் அம்மாவுக்கோ முகம் வெளிறிவிட்டது. “மயக்க மருந்து குடுத்தும் முழிச்சுக்கிட்டே இருக்கானே சிஸ்டர், அறுக்கிறப்ப வலிக்குமே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையெழுத்துப் போட்டிருந்த படிவத்தில் அச்சாகியிருந்தது ‘முன் மயக்க மருந்து’. படிவம் சொன்னதை அவர் நம்பினார். அவர்மேல் என்ன தப்பு?

எங்கள் மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 அக்டோபரில் மசினகுடிப் பக்கம் டி23 புலியை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கூடலூரில் ஊருக்குள் வரும் யானைக்கும் அதே சொல். ‘மயக்க ஊசி’ என்றதும் இங்கே மனக்கண்ணில் வருவது துப்பாக்கியும் சரிந்து விழும் மிருகமும்தான். தூக்க மாத்திரை என்ற சொல்லோ அதைவிட மோசம். ஆபரேஷனுக்கு முந்தின இரவு பெரியவர்களுக்கு அல்பிரசோலம் கொடுப்பதுண்டு. கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா அதை விழுங்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். “தூக்க மாத்திரையா? எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம்” என்றார். யார் மறுக்க முடியும்?

மருத்துவக் கணக்கிலும் இந்தச் சொற்கள் பொருந்தவில்லை. இப்படி மருந்தால் வரும் நிலையை, லேசான அமைதியிலிருந்து முழு மயக்கம்வரை, அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் நான்கு படியாகப் பிரிக்கிறது. முதல் படியில் பதற்றம் மட்டும் அடங்கும். கேட்டால் பதில் வரும். இரண்டாவதில் அரைத்தூக்கம், மூன்றாவதில் ஆழ்ந்த தூக்கம். நான்காவதுதான் முழு மயக்கம். நாம் பெயர் தேடும் மருந்தின் இடம் பெரும்பாலும் முதல் படி. கடைசிப் படியின் பெயரை முதல் படிக்குச் சூட்டலாமா?

‘முன்மருந்து’ நல்ல சொல்தான், ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும். 1846இல் பாஸ்டனில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்தாக ஈதர் கொடுத்துக் காட்டிய பிறகு அது எங்கும் பரவியது. ஈதர் எச்சிலையும் சளியையும் பெருக்கும். அதை உலர்த்த முன்கூட்டியே அட்ரோபின் போடுவது பின்னாளில் வழக்கமானது. வாந்தி வராமலிருக்க, வயிற்று அமிலம் குறைய என்று இன்றும் முன்கூட்டிக் கொடுப்பவை பல. அத்தனைக்கும் பொதுப்பெயராக ‘முன்மருந்து’ இருக்கட்டும். பயத்தை அடக்குவது அதில் ஒரு வகை.

‘தேற்றுமருந்து’ என் மனசுக்கு மிகவும் பிடித்தது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேய்ப்பது தேற்றாங்கொட்டை. கலங்கிய மனசைத் தெளியவைப்பதும் தேற்றுதல். இரண்டு நாள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் சித்த மருத்துவ அன்பர் காட்டியது சரி. அவர்கள் மருத்துவத்தில் ‘உடல்தேற்றி’ ஏற்கெனவே இருக்கிறது. உடம்புக்கு வலுவூட்டும் மருந்து அது. பிழைபட்டால் ஆபத்து என்பதால் விட்டுவிடுகிறேன், வருத்தத்தோடுதான். ‘ஆற்றுமருந்து’ எழுத்தில் ஆற்றுநீர், ஆற்றுமணல் வரிசையில் போய் நிற்கிறது.

நான் முன்வைப்பது ‘தணிமருந்து’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. கோபம் தணிகிறது, தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. தணிவது அந்த வேகம் மட்டுமே, ஆள் அப்படியே இருக்கிறான். முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்பது திருத்தணிப் பக்கத்து அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

‘பயந்தணி மருந்து’ என்றால் இன்னும் தெளிவாகுமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வார்டில் ஒரு லாரி டிரைவரிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். “எனக்கென்ன பயம்?” என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. எதைத் தணிக்க என்று சொல்லாமல் விடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது. முற்றிய நோய்க்கான ‘நோய்த்தணிப்பு’ சிகிச்சையோடு குழம்பாதா என்ற கேள்வி நியாயமானதே. அங்கே ‘தணிப்பு’, இங்கே ‘தணிமருந்து’ என்று வடிவத்தைப் பிரித்து வைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகள் நாளை எந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வருவார்கள் என்பதே என் கவலை.

படிவத்துக்கு நான் எழுதிய வரிகள் இவை: “முதலில் தணிமருந்து கொடுப்போம். படபடப்பு அடங்கும். பிள்ளை விழித்திருக்கலாம், பேசலாம்; அது இயல்பு. வலி தெரியாமலிருக்க மயக்க மருந்து இதற்குப் பிறகு, தியேட்டருக்குள் கொடுக்கப்படும்.” பெரியவர்களுக்கான படிவத்தில் கூடுதலாக ஒரு வரி: கையெழுத்தைத் தணிமருந்துக்கு முன்பே வாங்க வேண்டும். மிடசோலம் உள்ளே போன பிறகு பேசியது பலருக்கு நினைவில் பதிவதில்லை. அந்த மறதிக்கும் ஒரு சொல் வேண்டும். அதைத் தனி இழையில் பேசலாம்.

திங்கட்கிழமை படிவம் அச்சுக்குப் போகிறது. மாற்றம் இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.